மேட்டுவீட்டுக்கு வெந்நீர்

சனிக்கிழமை காலை வெண்டெல் விறகு உலையின் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, சுத்தியலின் மரப்பிடியால் பம்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து மார்லிஸ் ஏறக்குறைய ஓடியே வந்தாள். முழங்கால்வரை பனி. பூட்ஸின் நாடாவைக்கூட அவள் கட்டியிருக்கவில்லை. இரண்டு நாளாகக் குழாய் வழியே அவள் வீடுவரை ஏறிவந்து கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தம் விடிகாலையில் நின்றுபோயிருந்தது.

"செத்துடுச்சா?" என்று கேட்டாள்.

"மூச்சு இருக்கு. இன்னும் ரெண்டு தட்டு தட்டினா எந்திரிச்சிடும்."

"ரெண்டு வருஷமா தட்டித் தட்டித்தானே ஓட்டறே. விடு, நிம்மதியாப் போகட்டும்."

வெண்டெல் திரும்பிப் பார்த்தான். தாடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது. "எழவு வீட்டுக்கு வர்ற மூஞ்சியா இது? கல்யாணத்துக்கு வந்தவ மாதிரில்ல சிரிக்கறே."

மார்லிஸ் கையுறையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை. இந்தப் பம்பு எப்போது சாகும் என்று இரண்டு குளிர்காலமாகக் காத்திருந்தவள் அவள்.

இருவரும் விவாகரத்து வாங்கி ஏழு வருடம் ஆகிறது. சண்டையில் பிரியவில்லை, அலுப்பில் பிரிந்தோம் என்று கேட்பவர்களிடம் சொல்வாள். படகு அவனுக்கு, தையல் மெஷின் அவளுக்கு, மான் வேட்டைத் துப்பாக்கிகள் ஆளுக்கொன்று. வாஃபிள் சுடும் அச்சு யாருக்கு என்பதில் மட்டும் கொஞ்ச நாள் இழுபறி. எல்லாவற்றையும் பங்கு பிரித்த வக்கீலால் விறகு உலையை மட்டும் பிரிக்க முடியவில்லை. மேட்டுவீடு அவளுக்கு வந்தது. அவன் ஒரு டிரெய்லர் வீட்டை இழுத்துவந்து, சரிவின் அடியில், உலைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டான். உச்சியில் புகைபோக்கியோடு ஒரு தகரக் கொட்டகைபோல நிற்கும் உலை இருவருக்கும் பொது. அதன் வயிற்றில் எரியும் விறகு சுற்றியிருக்கும் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும். பம்பு அந்த வெந்நீரை மண்ணுக்கடியில் போகும் குழாய்களில் தள்ளி, இரண்டு வீட்டு ரேடியேட்டர்களுக்குள்ளும் சுற்றவைத்துத் திரும்பக் கொண்டுவரும். மரம் வெட்டுவது அவன், பிளந்து அடுக்குவது அவள். காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டப் போகுமுன் விறகு போடுவது அவள், சாயங்காலம் அவன். பம்பு மட்டும் ஒன்றே ஒன்று. அதன் சுவிட்சும் ஃபியூஸும் அவன் டிரெய்லரில்.

அதுதான் அவளை உறுத்தியது. அவன் ஏரியில் மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்து ஃபியூஸ் போகும். இவள் வீடு சில்லிட்டுப் போகும். இவள் போன் செய்வாள். "வெண்டெல், வீடு ஜில்லுனு ஆயிடுச்சு." அவன் ஒரு மணி நேரத்தில் வந்து சரிசெய்துவிட்டு, மேடேறி வந்து, சூடு வருகிறதா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவான். ஏழு வருடத்தில் அவர்கள் போனில் பேசிக்கொண்டதெல்லாம் அநேகமாக இதுதான்.

பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்வரை பேருந்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அவளுக்குப் பம்புப் பித்து பிடித்தது. முதலில் மின்கட்டணம் ஏன் இப்படி வருகிறது என்று தேடப் போனாள். அக்டோபரிலிருந்து மே வரை இரவும் பகலும் நிற்காமல் ஓடும் ஒரு பம்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று தெரிந்தபோது, வருடம் பூராவும் யாரோ விளக்கை அணைக்காமல் போனதுபோல் அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல் போய் ஆசை வந்தது. புது மாதிரி பம்புகள் இருக்கின்றன. உள்ளே காந்தம். வேலை எவ்வளவோ அவ்வளவுக்குத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பழையது எண்பது வாட் குடிக்கும் இடத்தில் எட்டோ பத்தோ போதும் என்கிறது. ஒரு ராத்திரி விளக்கின் மின்சாரத்தில் ஒரு வீட்டையே சூடாக வைத்திருக்கலாம்! இதை யாரிடம் சொல்வது? ஓட்டுநர்கள் காப்பி குடிக்கும் மேஜையில் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை அவள் வாயைத் திறந்தபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவள் விடவில்லை. குழாயின் நீளத்தை அளந்தாள், வளைவுகளை எண்ணினாள், பம்பு வரைபடங்களில் வளைந்து இறங்கும் கோடுகளைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய பம்பு எது என்று போன வசந்தத்திலேயே தெரிந்துபோனது. பழையது சாகவேண்டியதுதான் பாக்கி.

"ராத்திரி மைனஸ் முப்பதுன்னு ரேடியோல சொல்றான்," என்றான் வெண்டெல், சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு. "நல்ல நாளாப் பாத்துத்தான் மண்டையப் போட்டிருக்கு."

"கடை மூணு மணி வரைக்கும்தான். நெருப்பு அடங்கட்டும், நாம போய் வாங்கிட்டு வந்துடலாம். வண்டிய எடு."

"எதுல ஏறப் போறே? என் டிரக்லயா?"

"பின்னே, உன் தோள்லயா?"

டிரக்கின் முன்சீட்டில் அவளுக்கு இடம் செய்ய, அவன் மீன்தூண்டில்களையும் ஒரு ஜோடி வாக்கி டாக்கிகளையும் காலிச் சிப்ஸ் பைகளையும் பின்னால் எறிந்தான். பெட்ரோலும் காப்பியும் நனைந்த கம்பளியும் கலந்த அதே வாடை. டவுனுக்குப் போகும் வழியெல்லாம் மார்லிஸ் பேசிக்கொண்டே வந்தாள். கோடுகள், வளைவுகள், உராய்வு. வெண்டெல் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு கேட்டுவந்தான். கடைசியில், "எல்லாம் சரி. உன் வீடு மேட்டுல இருக்கு. தண்ணிய மேல ஏத்தணும். சுண்டுவிரல் அளவு பம்பு எப்படி ஏத்தும்?" என்றான்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். "ஊர்த் திருவிழாவுல ராட்டினம் பாத்திருக்கேல்ல? மேல போறவனை யாரு தூக்கறா? இந்தப் பக்கம் கீழ வர்றவன் கனமே அவனைத் தூக்கிடுது. நம்ம குழாயும் அப்படித்தான். ஏறற தண்ணிய எறங்கற தண்ணி இழுத்துக்கும். பம்புக்கு மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. குழாய்ல உரசறதை மட்டும் சமாளிச்சாப் போதும்."

வெண்டெல் கியரை மாற்றினான். "அந்த ராட்டினத்துல மொத மொதல்ல ஆள் ஏத்தறப்ப பாத்திருக்கியா? ஒரு பக்கம் ரொம்பி, ஒரு பக்கம் காலி. மோட்டார் எப்படி முக்கும் தெரியுமா?"

"உனக்கு எதையாவது சொல்லணும்."

குழாய்ச்சாமான் கடையில் ஆர்டிஸ் இருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும். ஒரே டிரக்கிலிருந்து இறங்கி வந்ததை ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்துவிட்டிருந்தாள்.

"என்ன, திரும்பச் சேந்தாச்சா?"

"பம்பு செத்துடுச்சு," என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஆர்டிஸ் உள்ளேயிருந்து மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து பரப்பினாள். வெண்டெலின் கை நேரே பெரியதன்மேல் போனது. வார்ப்பிரும்பு, மூன்று வேகம், தூக்கினால் கை இறங்கியது. அதன் கனத்தில் அவனுக்கு ஒரு திருப்தி. மார்லிஸ் மிகச் சிறியதை எடுத்தாள். வயிறு எவர்சில்வர். நெற்றியில் வாட் காட்டும் சின்னத் திரை. பிறந்த கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தினாள். படத்தில் எத்தனையோ முறை பார்த்தது, இப்போது கையில்.

"காந்தப் பம்புல துரு போய் ஒட்டிக்கும்," என்றான் வெண்டெல். "நம்ம உலைத் தண்ணி காப்பி மாதிரி இருக்கும், தெரியும்ல."

"அதுக்கு வடிகட்டி போட்டுக்கலாம்," என்றாள் ஆர்டிஸ். "வசந்தத்துல ஒரு தடவை கழுவினாப் போதும். சரி, எத்தனை? ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு," என்றான் வெண்டெல்.

"ரெண்டு," என்றாள் மார்லிஸ், அதே நொடியில்.

ஆர்டிஸ் சூப்பைக் கீழே வைத்தாள். "இதை வக்கீல்கிட்டயே முடிச்சிருக்கக் கூடாதா?"

"வீட்டுக்கு ஒண்ணு," என்றாள் மார்லிஸ். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. "ஆளுக்கு ஒரு சுவிட்ச். ரெண்டும் சேந்து குடிக்கறது, பழசு குடிச்சதுல கால்வாசிகூட வராது. அவன் வீட்டுக்கு எவ்வளவு சூடு வேணுமோ அவன் வெச்சுக்கட்டும், என் வீட்டுக்கு நான் வெச்சுக்கறேன்."

வெண்டெல் பெரிய பம்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தான். மூடியின் நான்கு மடிப்பையும் மெதுவாகச் சேர்த்து மூடினான். "உன் இஷ்டம்," என்றான்.

திரும்பும்போது அவன்தான் பேச ஆரம்பித்தான், சாலையைப் பார்த்துக்கொண்டே. "ஃபியூஸ் போனா போன் பண்ணுவே. இனிமே பண்ண மாட்டே."

"ஏன், நான் போன் பண்ணணும்னுதான் ஃபியூஸ் போச்சா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அவன் குல்லாவுக்குக் கீழே காது மடல் சிவந்துகொண்டு வந்தது. மார்லிஸ் அந்தக் காதையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த இரண்டு பெட்டிகளும் குலுங்கச் சிரித்தாள். அவன் வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் துடைக்க ஒன்றும் இல்லை.

பழைய பம்பைக் கழற்றுவது அவர்கள் நினைத்ததைவிட இழுத்தது. வால்வுகள் துருவேறி அசையவில்லை. வேறு வழியில்லாமல் உலைத் தொட்டியைப் பாதிவரை வடித்தார்கள். பழுப்புத் தண்ணீர் பனிமேல் ஆவி பறக்க ஓடியது. அதோடு குழாய்களும் வடிந்து காலியாயின. வெண்டெல் குறடால் பிடித்துக்கொள்ள, மார்லிஸ் திருகினாள். இரண்டு புதுப் பம்புகளும், அவற்றுக்கு முன்னால் வடிகட்டிகளும், புது வால்வுகளும் ஏறின. அவன் வீட்டுப் பம்புக்கு மின்சாரம் அவன் டிரெய்லரிலிருந்து. மற்றதற்கு, மேட்டிலிருந்து அவள் கோடையிலேயே மண்ணுக்கடியில் இழுத்து வைத்திருந்த கம்பி. அதைப் பார்த்து வெண்டெல் புருவத்தைத் தூக்கினான். அவனுடைய கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி நெருப்பை மூட்டினார்கள். தண்ணீர் சூடேறியபோது வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. மூக்கு மயிர் விறைத்தது.

முதலில் அவன் பம்பு. சுவிட்சைப் போட்டார்கள். திரையில் ஓர் எண் துள்ளி ஏறி, இறங்கி, ஒன்பதில் நின்றது. சத்தமே இல்லை. வெண்டெல் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். "அட, சுடுதுடி!" என்றான். மார்லிஸுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, கையுறையோடு தட்டினாள்.

பிறகு அவளுடையது. திரையில் எண் வந்தது. அவள் மேடேறி வீட்டுக்கு ஓடி, பேஸ்மென்ட் படிகளில் இறங்கி, ரேடியேட்டருக்குப் போகும் செப்புக்குழாயில் கை வைத்தாள்.

ஜில்லென்று இருந்தது.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். எங்கோ கீழே, சுவருக்கு அப்பால், தொண்டையில் சளி புரள்வதுபோல் ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. அவ்வளவுதான். குழாய் ஜில்லென்றே இருந்தது. வெண்டெல் பின்னாலேயே மூச்சுவாங்க வந்து, அவனும் கை வைத்துப் பார்த்தான்.

"ஏறலை," என்றான்.

அவள் கணக்கு சரி, எத்தனையோ முறை போட்ட கணக்கு. ஆனால் குழாய் பொய் சொல்லாது. இந்தக் குளிரில் ஒரு ராத்திரி வெறுமனே கிடந்தால் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் வெடித்துவிடும். காப்பி மேஜையில் எழுந்துபோனவர்களின் முதுகுகள் ஏனோ ஞாபகத்துக்கு வந்தன.

"கடை இந்நேரம் பூட்டியிருக்கும்," என்றான் வெண்டெல். "ஆர்டிஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டா தெறந்து குடுப்பா. பெருசை எடுத்துட்டு வந்துடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இல்லேன்னா இன்னைக்கு ராத்திரி கீழ வந்து படுத்துக்கோ. சோபா இருக்கு. நான் சோபாவுல படுத்துக்கறேன்," என்றான்.

குத்திக் காட்டியிருந்தால் அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவன் குத்திக் காட்டவில்லை. குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், தலைமயிர் ஒரு பக்கமாய்ப் படிந்திருந்தது.

"கொஞ்ச நேரம் குடு," என்றாள்.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். குழாய் காலி. அதுதான் விஷயம். சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஏறுவதை இறங்குவது இழுக்கும். ஆனால் இழுக்க இறங்குவது ஒன்று வேண்டுமே. இப்போது ஒரு பக்கம் மட்டும் தண்ணீர், மேலே வெறும் காற்று. இந்தச் சின்னப் பம்பால் அவள் தலை உயரத்துக்குமேல் எதையும் தூக்க முடியாது, வீடோ அதைவிட உயரத்தில் இருக்கிறது. முதல் ஆளை ஏற்றும்போது மோட்டார் முக்கும் என்று இவன் டிரக்கில் சொன்னான். இவள் காதில் வாங்கவில்லை.

"நீ சொன்னது சரிதான்," என்றாள்.

"எது?"

"ராட்டினம். ஆள் ஏத்தறதுதான் கஷ்டம்." எழுந்தாள். "கீழயிருந்து ஏத்தினாத்தானே கஷ்டம்? மேலயிருந்தே ஏத்திட்டா?"

அவன் விழித்தான். அவள் அதற்குள் துவைக்கும் மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தாள். "வீட்டுத் தண்ணிக்கு அழுத்தம் இருக்குல்ல. இந்த மெஷின் ஹோஸைக் கழட்டி, ஒரு முனையைத் தண்ணிக் குழாய்ல மாட்டு, இன்னொரு முனையை ரேடியேட்டர் பக்கத்துல இருக்கற வடிகால் வால்வுல மாட்டு. ரெண்டுக்கும் ஒரே திருகுமறைதான், சரியாப் பொருந்தும். இங்கயிருந்து கீழ தள்ளுவோம். காத்தெல்லாம் உலை வழியா வெளிய போயிடும்."

வெண்டெல் ஹோஸைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகத்தில், கல்யாணமான புதிதில் அவள் டிராக்டரைப் பின்னால் எடுத்துச் சேற்றிலிருந்து மீட்டபோது வந்த அதே சிரிப்பு வந்தது. "அடிப் பாவி," என்றான். "இரு, வாக்கி டாக்கி எடுத்துட்டு வர்றேன்."

ஒன்றை அவள் சட்டைப்பையில் சொருகிவிட்டு மற்றதோடு அவன் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினான். ஏணியைச் சாய்த்து உலைமேல் ஏறி, காற்றுப்போக்கிக் குழாயில் காது வைத்தான் என்பது அவளுக்கு அவன் மூச்சிரைப்பிலேயே தெரிந்தது.

"தயார். ஓவர்."

"ஓவரெல்லாம் வேண்டாம், மானா சுடப் போறோம்? தெறக்கறேன்."

குழாயைத் திறந்தாள். ஹோஸ் விறைத்து நெளிந்தது. இணைப்பிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு சுவருக்குள் போனது.

"என்ன ஆச்சு? காத்து வருதா?"

"ஒண்ணும் வரலை. ஓவர்."

"நல்லாக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான்... இரு, இரு. வருது! வயிறு உப்பின மாடு மாதிரி சத்தம் போடுது! ஏய், ஏப்பம் விடுது மார்லிஸ்! ஓவர்!"

அவள் பேஸ்மென்ட்டில் தனியாக நின்று குதித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் குதிப்பதற்கு உண்டான முறையில், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. "நிக்கற வரைக்கும் சொல்லு! நின்னதும் சொல்லு!"

"வந்துக்கிட்டே இருக்கு... இன்னும்... கொறையுது... ஐயோ, தொட்டி வழியுது, என் பேண்ட்டெல்லாம் போச்சு! நிறுத்து, நிறுத்து! ஓவர்!"

நிறுத்தினாள். வால்வை மூடினாள். இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கீழே அந்தச் சின்னப் பம்பு இந்நேரம் தண்ணீரைப் பிடித்துச் சுற்றத் தொடங்கியிருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையைச் செப்புக்குழாயில் வைத்தாள். ஜில். இன்னும் ஜில். ஹோஸில் வந்த கிணற்றுத் தண்ணீர் நகர்ந்து போகவேண்டும், பொறு. பிறகு ஜில் என்று சொல்ல முடியாத ஒன்று. பிறகு, யாரோ கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன நாற்காலியின் சூடு. அவள் மூச்சை விடவில்லை. சூடு கைரேகைகளுக்குள் ஊறி, ஏறி, ஏறி, சட்டென்று கை வைக்க முடியாமல் ஆனது.

"சுடுது!" என்று கத்தினாள், பொத்தானை அழுத்தாமலே. பிறகு அழுத்தி, "வெண்டெல், சுடுது! கையே பொத்துப் போச்சு! எத்தனை வாட் காட்டுது, பாரு!"

ஏணி தகரத்தில் உரசும் சத்தம். பனி நொறுங்கும் சத்தம். "ஏழு," என்றது அவன் குரல். "ஏழேதான். என்னுது ஒம்போது, உன்னுது ஏழு. மேட்டுல இருந்துக்கிட்டு என்னைவிடக் கம்மி! எப்படிடி? ஓவர்."

"உன்னுது ரெண்டு வளைவு அதிகம். சோம்பேறித்தனமா டிரெய்லரைக் கோணலா நிறுத்தினேல்ல, அதான்."

அவன் சிரித்தது கரகரவென்று கேட்டது. மார்லிஸ் ரேடியேட்டர் விசிறியைப் போட்டாள். கூரையில் ஓடும் காற்றுக்குழல் வழியே வெப்பம் மேலேறும் வாசம் வந்தது, தூசி காய்ந்த வாசம். படிக்கட்டில் உட்கார்ந்து, ஈரக் காலுறைகளைக் கழற்றி, கால்களைக் குழாய்ப் பக்கமாக நீட்டினாள். ஜன்னலில் கடைசி நீலம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேண்ட்டை மாத்து, விறைச்சுடப் போகுது என்று சொல்லலாம் என்று பொத்தானை அழுத்தினாள். குரல் போகவில்லை. அந்தப் பக்கம் அவன் பொத்தான் அழுந்தியபடியே இருந்தது. கையுறை விரலோ, சட்டைப்பையோ, எதுவோ அதை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் விடும்வரை இவள் பேச முடியாது.

உலைக்கதவு திறக்கும் முனகல் கேட்டது. ஒரு கட்டை உள்ளே விழுந்தது, இன்னொன்று. கதவு மூடிற்று. பூட்ஸ்கள் பின்பக்கம் போய் நின்றன. அவன் குனிகிறான் போலிருந்தது, மூச்சு கிட்டத்தில் வந்தது. பதினைந்து வருடமாக அந்த இடத்தில் இரைந்துகொண்டிருந்த பம்பின் சத்தம் இப்போது இல்லை. காற்று மட்டும் இருந்தது.

"ஓடறியாடா நீ?" என்று கேட்டான் வெண்டெல், தாழ்ந்த குரலில், அவளிடம் அல்ல. "சத்தத்தையே காணோமே. இருக்கியா?"

மார்லிஸ் வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டாள். மற்றக் கையைக் குழாய்மேல் வைத்தாள், சுட்டதும் எடுத்தாள், திரும்ப வைத்தாள்.